அழகர் பட்டும் அக்காள் மகளும்

தல்லாகுளத்தில் குடியிருப்பதில் சில அசௌகரியங்கள் உண்டு. கோரிப்பாளையத்து நெரிசலில் அரை மணி நேரம் தவம் செய்யாமல் ஆற்றுக்குத் தெற்கே போக முடியாது. தமுக்கத்தில் கூட்டம் சேர்கிற நாட்களில் நம் வீட்டு வாசலே நமக்குச் சொந்தமில்லாமல் போய்விடும். ஆனால் வருஷத்தில் ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, இந்தக் குறைகளையெல்லாம் ஈடு செய்கிற பாக்கியம் நமக்குக் கிட்டுகிறது. அழகர்மலையிலிருந்து புறப்பட்டு வருகிற கள்ளழகர், வைகையில் இறங்குவதற்கு முன்னால் நம்முடைய தல்லாகுளம் பெருமாள் கோயிலில்தான் தங்குகிறார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடிக்கொள்வதும், தங்கக் குதிரையின் மேல் ஏறுவதும் இங்கேதான்.

அன்றிரவு ஊரில் ஒரே ஒரு பேச்சுத்தான் இருக்கும். "இந்த வருஷம் என்ன பட்டு?" அழகர் ஆற்றில் இறங்கும்போது உடுத்தியிருக்கும் பட்டின் நிறத்தைக் கொண்டு அந்த வருஷத்துப் பலனை ஜனங்கள் கணிப்பார்கள். பச்சைப் பட்டு என்றால் நாடு செழிக்கும். சிவப்பு என்றால் முகத்தில் கொஞ்சம் கவலை தட்டும். பெட்டிக்குள் கையை விட்டு எடுக்கும்போது எந்தப் பட்டு வருகிறதோ, அதுதான் அந்த வருஷத்துப் பட்டு என்பது பரம்பரையான நம்பிக்கை.

சென்ற சித்திரையில் நம் வீட்டுக் கூடத்திலும் பெட்டிக்குள் கையை விடுகிற காரியம் ஒன்று நடந்தது. ஆனால் பெட்டியில் இருந்தவை பட்டுகள் அல்ல, மூன்று கடிதங்கள்.

கடிதங்கள் என்றால் தபால்காரர் கொண்டுவந்தவை என்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. மூன்றும் நம் அக்காள் மகளின் கைப்பேசிக்குள் மின்னஞ்சலாக வந்து விழுந்தவை. நம் அக்காள் புருஷர் பழைய காலத்து மனிதர். கையில் பிடிக்க முடியாத எதையும் அவர் நம்புவதில்லை. ஆகையால் மூன்றையும் அச்சடித்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, திருவிழாப் பார்க்க வந்த சாக்கில் நம் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, நீங்கள் நாலும் தெரிந்தவர். குழந்தைக்கு எம்.பி.ஏ. படிக்க மூன்று இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. எதில் சேர்ப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

நாலும் தெரிந்தவர் என்று யாராவது சொல்லிவிட்டால், ஐந்தாவதும் தெரிந்தது போல முகத்தை வைத்துக்கொள்வது மனித சுபாவம். நாமும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதங்களைப் பிரித்தோம்.

முதல் கடிதம் சென்னைக்கு அருகே உள்ள ஒரு தனியார் சர்வகலாசாலையிலிருந்து வந்தது. கடிதத்தோடு ஒரு வர்ணப் புத்தகமும் இருந்தது. அதில் கண்ணாடி மாளிகை, நீரூற்று, கழுத்துப் பட்டை கட்டிய இளைஞர்கள் எல்லாம் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்குச் சாப்பாடு, விடுதி உட்பட 14 லட்சம் ரூபாய். இரண்டாவது கடிதம் திருச்சியிலிருந்து. செலவு 9 லட்சம். மூன்றாவது, நம் மதுரையிலேயே உள்ள ஒரு கலாசாலையிலிருந்து. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். எல்லாம் சேர்த்து 5 லட்சத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் கடிதத்தில் படம் ஒன்றும் இல்லை. ஓர் எழுத்துப் பிழை மட்டும் இருந்தது.

"பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்றார் அக்காள் புருஷர். "அலங்காநல்லூர் நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்."

அக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நிலம் நமக்கும் தெரிந்த நிலந்தான். 1895ஆம் ஆண்டில் பெரியாற்று அணை முடிந்து, மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பிய பிறகு நஞ்சையான நிலம் அது. அளவு அரை ஏக்கருக்கு மேல் இராது. ஆனால் அந்த அரை ஏக்கர்தான் அந்தக் குடும்பத்துக்கு வீட்டு நெல்லையும், சொந்தக்காரர்கள் மத்தியில் ஒரு மரியாதையையும் கொடுத்து வந்தது.

நாம் அப்போது பதில் சொல்லவில்லை. "யோசித்துச் சொல்கிறோம்" என்றோம். நேயர்கள் இதை நம்முடைய நிதானம் என்று எண்ணக் கூடும். உண்மை அது அல்ல. நமக்குப் பயமாக இருந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

* * *

மறுநாள் காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடக்கிற நண்பர்களிடம் விஷயத்தைப் பிரஸ்தாபித்தோம். மூன்று பேர் நான்கு அபிப்பிராயங்கள் சொன்னார்கள். "பெரிய பெயராகப் பார்த்துச் சேருங்கள், பெயர்தான் சோறு போடும்" என்றார் ஒருவர். "பெயர் எதற்கு? எல்லாப் புத்தகமும் ஒரே புத்தகந்தானே?" என்றார் மற்றொருவர். மூன்றாமவர், "பெண்குழந்தையை வெளியூருக்கு அனுப்பாதீர்கள்" என்று ஆரம்பித்து, ஒரு சுற்று முடிவதற்குள், "வெளியூர் போனால்தான் உலகம் தெரியும்" என்று முடித்தார்.

இந்தப் படிப்பு நம் பெரியவர்கள் அறியாதது. ஆகையால்தான் இத்தனை குழப்பம். வைத்தியம், சட்டம், உபாத்தியாயர் வேலை இவற்றுக்கு எங்கே படிப்பது என்று நம் வீடுகளில் ஒரு வழிமுறை உண்டு. வியாபார நிர்வாகத்தை ஒரு கலாசாலையில் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்ற எண்ணமே புதிது. அமெரிக்காவில் டார்ட்மத் கலாசாலையில் 1900ஆம் ஆண்டில் இதற்கென்று ஒரு பள்ளி தோன்றியது. ஹார்வர்டில் 1908ஆம் ஆண்டில் எம்.பி.ஏ. வகுப்பு ஆரம்பமாயிற்று. நம் நாட்டில் கல்கத்தாவில் 1953ஆம் ஆண்டிலும், டில்லி சர்வகலாசாலையில் 1954ஆம் ஆண்டிலும் இதற்கெனத் தனி ஸ்தாபனங்கள் ஏற்பட்டன. பிறகு 1961ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தின் ஆதரவில் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் பிறந்தன.

மதுரை இதில் பின்தங்கிவிடவில்லை. ஆமதாபாத் ஸ்தாபனம் தோன்றிய மறு வருஷமே, 1962ல், தியாகராசர் மேலாண்மைப் பள்ளி இங்கே ஏற்பட்டுவிட்டது. மதுரைப் பல்கலைக்கழகம் 1966ல் வந்தது. அதுவே பிற்பாடு காமராஜரின் திருப்பெயரைத் தாங்கிற்று. வடக்கே திருச்சியில் 1984ல் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனமும், 2011ல் இந்திய மேலாண்மைக் கழகமும் தோன்றின. இன்றைக்கோ, நிர்வாகம் கற்பிக்காத கலாசாலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவற்றில் எது பட்டம், எது பட்டயம் என்பதே ஒரு தனிப் புராணம். நம் சட்டப்படி சர்வகலாசாலைகளுக்கும், பார்லிமெண்டு அதிகாரம் கொடுத்த ஸ்தாபனங்களுக்கும்தான் பட்டம் கொடுக்கிற உரிமை உண்டு. ஆமதாபாத் ஸ்தாபனம் சர்வகலாசாலை அல்ல. ஆகையால், தேசத்திலேயே மிகப் புகழ் பெற்ற அந்த ஸ்தாபனம் அரை நூற்றாண்டுக்கு மேல் கொடுத்து வந்தது முதுநிலைப் பட்டயந்தான்! 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 ஜனவரி 31ந் தேதி அமலுக்கு வந்த பிறகே அது எம்.பி.ஏ. பட்டம் கொடுக்கலாயிற்று. இதற்காக அதற்கு முன் அங்கே படித்தவர்களை வேலைக்கு வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? காகிதத்தின் தலைப்பு முக்கியந்தான். அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு காசு கட்டக் கூடாது. ஆனால் தலைப்பு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இத்தனையும் தெரிந்து வைத்திருந்தும் நமக்கு ஏன் பயம்? அதைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது.

* * *

பத்து வருஷங்களுக்கு முன்பு, இதே கூடத்தில், நம் தம்பி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினான். அவன் மகனுக்கு வந்த கடிதம். அதிலும் ஒரு மாளிகை இருந்தது. அதிலும் ஒரு நீரூற்று இருந்தது. "சென்ற வருஷம் எங்கள் மாணவர் பெற்ற அதிகபட்சச் சம்பளம்" என்று கொட்டை எழுத்தில் ஒரு தொகையும் இருந்தது. நாம் அந்தத் தொகையைப் பார்த்தோம். பையனின் முகத்தைப் பார்த்தோம். "தைரியமாகச் சேர்த்துவிடு" என்று சொன்னோம். பாங்கியில் 12 லட்சம் கடன் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்தும் நாமே போட்டோம்.

பையன் கெட்டிக்காரன். முதல் வகுப்பில் தேறினான். வேலையும் கிடைத்தது. என்ன வேலை? சென்னையில் வீடு வீடாகப் போய் இன்ஷூரன்ஸ் பிடிக்கிற வேலை. சம்பளம் மாதம் 18,000 ரூபாய்.

இப்போது கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூற்றுக்குப் பத்து வட்டியில் 12 லட்சம் ரூபாயை ஏழு வருஷத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 20,000 ரூபாய். ஏழு வருஷத்தில் கட்டுகிற மொத்தத் தொகை 16 லட்சத்து 73 ஆயிரம். படிக்கிற இரண்டு வருஷத்து வட்டியை இதில் சேர்க்கவில்லை. அதாவது பையன் பட்டினி கிடந்து முழுச் சம்பளத்தையும் கொடுத்தாலும், மாதா மாதம் 2,000 ரூபாய் துண்டு விழும்!

அந்தத் துண்டையும், பையனின் சாப்பாட்டையும் தம்பி சமாளித்தான். எப்படிச் சமாளித்தான் என்று நாம் கேட்கவில்லை. ஒரு தீபாவளியன்று தம்பி மனைவி காப்பி கொடுக்கக் கையை நீட்டியபோது, வளையல் இருந்த இடத்தில் கண்ணாடி வளையல்கள் இருந்தன. நாம் காப்பியை வாங்கிக் குடித்தோம். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியும் இந்த நாள் வரையில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நமக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

* * *

அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு ஒரு மாலையில், அக்காள் மகள் தனியாக வந்தாள். காந்தி மியூசியத்துத் தோட்டத்துக்கு நடந்து போனோம். ராணி மங்கம்மாளின் அரண்மனை. 1959 முதல் மகாத்மாவின் நினைவுக்கூடமாக இருக்கிறது. மரத்தடியில் உட்கார்ந்தோம்.

"குழந்தாய், உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்று ஆரம்பித்தோம்.

"சென்னை அத்தான் சொல்லிவிட்டார், மாமா" என்றாள்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா உங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றதுமே நான் அத்தானுக்குப் போன் செய்தேன். எவ்வளவு கட்டினார், எவ்வளவு வருஷம் கட்டினார் எல்லாம் சொன்னார். சென்ற தை மாதந்தான் கடன் தீர்ந்ததாம். உங்களைக் குறை சொல்லவில்லை, மாமா. 'பெரியப்பாவுக்கு நல்ல எண்ணந்தான். ஆனால் அவர் புத்தகத்தைப் பார்த்தார், நானும் புத்தகத்தைப் பார்த்தேன், அங்கே படித்தவன் ஒருவனைக்கூட நாங்கள் பார்க்கவில்லை' என்றார்."

பத்து வருஷத்துப் பாரத்தை அந்தப் பெண் ஒரு வாக்கியத்தில் இறக்கி வைத்துவிட்டாள். அதற்கு மேல் நாலும் தெரிந்தவர் வேஷம் எதற்கு? "நீயே சொல், அம்மா. நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டோம்.

அவள் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

பி.காம். முடித்த பிறகு இரண்டு வருஷமாக அவள் கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதி வந்தாள். கடை மூடிய பிறகும், விடுமுறை நாட்களிலும் புது நத்தம் சாலையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து நுழைவுப் பரீட்சைகளுக்குப் படித்தாள். தேசத்துப் பெரிய ஸ்தாபனங்களுக்கான 'கேட்' பரீட்சையில் அவளுக்குப் போதிய மார்க் வரவில்லை. வராததை மறைப்பானேன்? வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை. அலங்காநல்லூர் நிலத்தை விற்றாவது அனுப்பி வையுங்கள் என்று நாமே சொல்லியிருப்போம்.

நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் போட்டிருந்தாள். ஒவ்வொரு கலாசாலையிலும் படித்து வெளியே வந்தவர்கள் ஐந்தைந்து பேரைத் தேடிப் பிடித்துப் பேசியிருந்தாள். கலாசாலை காட்டிக் கொடுத்தவர்கள் அல்ல, தானே கண்டுபிடித்தவர்கள். "கலாசாலையார் கொடுக்கிற பெயர்கள் கல்யாணத் தரகர் கொடுக்கிற பெயர்கள் மாதிரி, மாமா. எல்லோரும் நல்லதுதான் சொல்வார்கள்" என்றாள்.

அதிகபட்சச் சம்பளம் என்கிற மாயத்தையும் அவள்தான் நமக்கு விளக்கினாள். பத்து மாணவர்கள் இருக்கிறார்கள். ஒன்பது பேருக்கு மாதம் 30,000 ரூபாய். ஒருவனுக்கு மட்டும் 2 லட்சம். விளம்பரத்தில் அதிகபட்சம் 2 லட்சம் என்று போடலாம், பொய் இல்லை. சராசரி 47,000 என்று போடலாம்; அதுவும் பொய் இல்லை. ஆனால் ஒன்பது பேர் வீட்டுக்குக் கொண்டுபோவது 30,000தான். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்கிறவனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டுமாம். அந்த நடுச்சம்பளந்தான் நம் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய சம்பளம். மத்திய அரசாங்கத்தார் 2016 முதல் வெளியிட்டு வரும் தரவரிசைக்காகக் கலாசாலைகள் சமர்ப்பிக்கிற புள்ளி விவரத்தில் இந்தத் தொகை இருக்கிறது. இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பத்து வருஷத்துக்கு முன்பு இதைக் கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஒரு ஜதை தங்க வளையல் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

மூன்று இடங்களுக்கும் நேரிலும் போய் வந்திருந்தாள். மாளிகைக் கலாசாலையில் அவளுக்கு ராஜோபசாரம். நீரூற்றைக் காட்டினார்கள், சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டினார்கள், ஒரு கோப்பைப் பழரசமும் கொடுத்தார்கள். "ஒரு வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேட்டபோது மட்டும், அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்று சொல்லி, மேலும் ஒரு கோப்பைப் பழரசம் கொடுத்தார்களாம்.

திருச்சியில் உட்கார விட்டார்கள். பாடமும் நன்றாக இருந்தது. மதுரையிலும் உட்கார விட்டார்கள். "இங்கே நாற்காலி ஒன்று ஆடுகிறது, மாமா. ஆனால் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு ஜவுளிக்கடையில் சரக்கு தேங்கிப் போயிருக்கிறது, ஆனால் வருகிற வாடிக்கைக்காரர் கேட்பது இல்லை என்கிறார்கள்; இது எப்படி நடக்கும் என்று. மாணவர்கள் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். எனக்கு எழுந்து பதில் சொல்ல வேண்டும் போல இருந்தது. எங்கள் கடையில் தினந்தோறும் நடப்பது அதுதானே? பருப்பு மூட்டை கிடங்கில் இருக்கிறது; முன்னால் இருக்கிற பையன் ஸ்டாக் இல்லை என்று ஆளைத் திருப்பி அனுப்புகிறான். முதலாளிக்கு இது ஏன் என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்கப் போகிறேன்."

நமக்கு அப்போதுதான் ஒன்று விளங்கிற்று. எந்தக் கலாசாலை, எந்தக் கலாசாலை என்று நாம் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோமே தவிர, எதற்காகப் படிக்கிறாய் என்று அந்தப் பெண்ணை ஒருவர்கூடக் கேட்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன்பு தம்பி மகனையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் பாவம், "எல்லோரும் படிக்கிறார்கள்" என்றுதான் சொல்லியிருப்பான். எதற்கு என்று தெரிந்தவளுக்கு எங்கே என்று தெரிந்துகொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எதற்கு என்று தெரியாதவனுக்கு நீரூற்றுத்தான் கண்ணில் படும்.

* * *

மதுரைக் கலாசாலையில் சேர்வது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். ஆனால் அவள் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"உள்ளூரிலா? அதற்கு எம்.பி.ஏ. எதற்கு? நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது? உள்ளூர் மாடு விலை போகாது, மாப்பிள்ளை!" என்றார். நிலத்தை விற்கத் தயாராக இருந்த மனிதர், நிலம் மிஞ்சுகிறதே என்று வருத்தப்பட்டார். இதை நாம் பரிகாசமாகச் சொல்லவில்லை. பெண்ணுக்காக எதையாவது இழந்தால்தான் தகப்பன் என்று அவர் நினைத்திருந்தார். அந்த நினைப்பில் கையெடுத்துக் கும்பிடத் தக்க ஒரு பெருமை இருக்கிறது.

அவருக்கு நாம் ஒரு கதை சொன்னோம். உள்ளூர்க் கதைதான்.

நம் வீட்டுக்குச் சமீபத்திலுள்ள அமெரிக்கன் கல்லூரியில் ரசாயனம் படித்த ஓர் இளைஞர், பிறகு சென்னையில் வைத்தியம் படித்தார். மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களைக் கொண்டே கண் அறுவைச் சிகிச்சை பழகினார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976ஆம் ஆண்டில், பதினொரு படுக்கைகளை வைத்துக்கொண்டு மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரி தொடங்கினார். அவர்தான் டாக்டர் கோ. வெங்கடசாமி, ஆஸ்பத்திரி அரவிந்த். பணம் கொடுக்கக் கூடியவர்கள் கொடுத்தார்கள். அதில் வந்த மிச்சத்தில் பணமில்லாதவர்களுக்குக் கண் கிடைத்தது. ஒரு வைத்தியர் இரண்டு மேஜைகளுக்கு நடுவில் நிற்பார். ஒரு மேஜையில் சிகிச்சை முடிவதற்குள் அடுத்த மேஜையில் நோயாளி தயாராக இருப்பார். வைத்தியருக்கு ஒரு நிமிஷம் வீணாகாது. கண்ணுக்குள் வைக்கிற வில்லையை அயல்நாட்டிலிருந்து வாங்கினால் விலை கட்டாது என்று, 1992ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையை ஏற்படுத்தி அதையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

"இது வைத்தியம் அல்லவா? நிர்வாகம் எங்கே வந்தது?" என்று அக்காள் புருஷர் கேட்டார்.

"1993ஆம் ஆண்டில் ஹார்வர்ட் சர்வகலாசாலையின் வியாபாரப் பள்ளிக்கூடத்தார் இந்த ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு பாடம் எழுதி வெளியிட்டார்கள், அத்தான். கோடிக்கணக்கில் செலவழித்துக்கொண்டு உலகத்து மூலைகளிலிருந்தெல்லாம் அமெரிக்காவுக்குப் போகிற பிள்ளைகள், அங்கே உட்கார்ந்து படித்தது மதுரையைப் பற்றி! நம் பெண் அதை அண்ணா நகருக்கு நடந்து போய்ப் பார்க்கலாம்."

அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். நாம் மேலும் சொன்னோம். 1911ஆம் ஆண்டில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய மோட்டார்த் தொழில் எத்தனை கிளையாகப் படர்ந்தது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. டி. வி. எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று அவருடைய தகப்பனாரே சொல்லக் கேட்டிருக்கிறார். உள்ளூர் மாடு விலை போகாது என்பது சந்தைக்காரன் வாக்கு. உழுகிறவன் உள்ளூர் மாட்டைத்தான் நம்புகிறான்.

இதனால் வெளியூர்க் கலாசாலைகளையெல்லாம் வேண்டாம் என்கிறோம் என்று யாரும் நினைக்கலாகாது. ஆமதாபாதும் திருச்சியும் கொடுக்கிற சகவாசமும் பழக்கமும் எல்லா ஊரிலும் கிடைப்பவை அல்ல. கெட்டிக்காரப் பிள்ளைகள் நூறு பேரோடு இரண்டு வருஷம் மோதுவது ஒரு பெரிய படிப்பு. அக்காள் மகளின் நோட்டுப் புத்தகத்திலேயே திருச்சிக்கு மூன்று இடங்களில் நல்ல மார்க் இருந்தது. மதுரைக்கும் அதற்கும் நடுவில் இருந்த 4 லட்சம் ரூபாய் வித்தியாசத்துக்கு அந்த மூன்று மார்க் ஈடாகுமா என்பதை அவள் ஒரு வாரம் யோசித்தாள். இன்னொரு பெண் ஈடாகும் என்று முடிவு செய்திருக்கலாம். அவள் முடிவும் சரியாக இருந்திருக்கும். ஒருவர் காலுக்குப் பொருந்திய செருப்பை ஊருக்கெல்லாம் மாட்ட முடியாது.

* * *

கடைசியில் அக்காள் புருஷர் சம்மதித்தார். ஹார்வர்ட் அவரை அசைத்ததா, சுந்தரம் ஐயங்கார் அசைத்தாரா என்று தெரியவில்லை. நம் வீட்டு அம்மாள் அபிப்பிராயம் வேறு. "நீங்கள் பேசினதெல்லாம் வீண். காப்பி கொண்டு வந்தபோது அக்காள் முகத்தைப் பார்த்தார். அப்போதே சம்மதித்துவிட்டார்" என்கிறாள். இருக்கலாம். அக்காள் அன்று ஒன்றும் பேசவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் நமக்கும் தெரிந்தது.

பாங்கிக் கடன் 3 லட்சத்தோடு நின்றது. மீதிக்கு அவளுடைய இரண்டு வருஷச் சேமிப்பும், அப்பாவின் கையிருப்பும் சரியாக இருந்தன. இந்தத் தடவை ஜாமீன் கையெழுத்துப் போட நாமாகவே போனோம். பாங்கிக்காரர் தேவையில்லை என்று சொன்னபோது நமக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வகுப்பு தொடங்குவதற்கு முதல் நாள் தம்பி மகனிடமிருந்து அவளுக்கு 20,000 ரூபாய் வந்தது. கூடவே ஒரு வரிச் செய்தி: "ஏழு வருஷம் ஒவ்வொரு மாதமும் இந்தத் தொகையை அனுப்பிப் பழக்கமாகிவிட்டது, இந்த மாதம் உனக்கு." அவள் அதை நம்மிடம் காட்டியபோது சிரிக்கத்தான் காட்டினாள். நாம் சிரிக்கவில்லை. அன்று மாலையே தம்பி வீட்டுக்குப் போனோம். தம்பி மனைவி காப்பி கொடுத்தாள். பத்து வருஷமாகக் கேட்காத கேள்வியை அன்று கேட்டோம். "எந்தக் கடையில் விற்றீர்கள், அம்மா?" என்றோம். அவள் முதலில் ஒன்றும் விளங்காதது போல நின்றாள். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டு, "அது கிடக்கட்டும். பையன் நன்றாக இருக்கிறான் அல்லவா?" என்றாள்.

அக்காள் மகளின் தேர்வு சரிதானா? இரண்டு வருஷம் போன பிறகு தெரியும். அல்லது பத்து வருஷம் போன பிறகு தெரியும். இப்போது தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அலங்காநல்லூர் நிலத்தில் இந்தப் போகமும் நாற்று நட்டிருக்கிறது. தினமும் காலையில் அவள் நம் வீட்டு வாசல் வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறாள். சனிக்கிழமை மாலைகளில் கீழமாசி வீதிக் கிடங்கில் மூட்டைகளை எண்ணி ஏதோ எழுதிக்கொள்கிறாளாம், முதலாளி பயப்படுகிறாராம்.

இத்தனை அமர்க்களத்தில், அழகர் சென்ற வருஷம் என்ன பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினார் என்று கேட்கவே நாம் மறந்துபோனோம். தல்லாகுளத்தில் குடியிருந்துகொண்டு இது பெரிய அபசாரம். அடுத்த சித்திரையில் முதல் வரிசையில் நின்று பார்த்துக்கொள்வதாக உத்தேசம்.